டாக்டர் சுப்பாராவும் வட ஆற்காட்டுக் கிராணியும்

சென்ற வாரம் ஆம்பூரிலிருந்து தோல் தொழிலாளி ஒருவர் வேறொரு விஷயமாக நமது காரியாலயத்துக்கு வந்திருந்தார். வந்த காரியம் முடிந்து புறப்படும் தருவாயில், சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து மேஜை மீது வைத்தார். அவருடைய மகள் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்பவள். இப்பொழுது நான்கு மாதக் கர்ப்பிணி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவளுக்குக் கொடுத்த மாத்திரைகள் அவை. விழுங்கினால் குமட்டுகிறது, மலம் கறுத்துப் போகிறது என்று அவளும் அவளோடு வேலை செய்யும் சில பெண்களும் அவற்றைச் சாக்கடையில் எறிந்து விடுகிறார்களாம். இது என்ன மருந்து, அவசியந்தானா, அல்லது சர்க்கார் இனாமாகக் கொடுக்கும் எத்தனையோ பண்டங்களில் இதுவும் ஒன்றா என்பது அவருடைய கேள்வி.

நாம் வக்கீல், வைத்தியர் அல்ல. ஆயினும் அட்டையில் அச்சிட்டிருந்த பெயர்களைப் படித்துப் பார்த்தோம். ஒன்று இரும்பு, அதை யாவரும் அறிவர். மற்றொன்று ஃபோலிக் அமிலம். சிலர் இதைப் போலிக் அமிலம் என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதினால், மருந்தே போலி என்று நினைத்து ஜனங்கள் எறிந்து விடுவதில் வியப்பில்லை. உண்மையில் அந்த இரண்டாவது பெயருக்குப் பின்னால் பழைய சென்னை ராஜதானியில் பிறந்து, சென்னையிலேயே கல்வி கற்று, சென்னையிலேயே அவமதிக்கப்பட்ட ஒரு மனிதரின் வாழ்க்கை மறைந்து கிடக்கிறது. அம்மனிதரின் சகோதரர்கள் இருவரைக் கொன்ற அதே நோய் ஒரு காலத்தில் வேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீடு வீடாகப் புகுந்தது. ஆகையால் அவருடைய சரித்திரத்தை நமது வாசகர்களுக்கு, முக்கியமாகப் பாலாற்றங்கரை வாசகர்களுக்கு, எடுத்துரைப்பது நமது கடமை என்று கருதுகிறோம்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ம் வருஷம் ஜனவரி மாதம் 12-ந் தேதி பீமவரத்தில் பிறந்தார். இன்று அது ஆந்திர நாட்டைச் சேர்ந்த ஊர். அன்று நாம் யாவரும் ஒரே ராஜதானி. தகப்பனார் ரெவின்யூ இலாகாவில் சிறிய உத்தியோகஸ்தர், ஏழு குழந்தைகள். பையனுக்குப் படிப்பில் ஆரம்பத்தில் அவ்வளவு நாட்டமில்லை. 13 வயதில், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று வீட்டை விட்டு ஓடியவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தகப்பனார் காலமான பிறகு, தாயார் வெங்கம்மா தம் நகைகளை விற்றுப் படிக்க வைத்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறியதோ மூன்றாவது முறை. சென்னைத் திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலிலிருந்து. தம் பிள்ளை இரண்டு முறை தவறிவிட்டான் என்று கண்ணீர் விடும் பெற்றோர் எத்தனை பேரையோ நாம் அறிவோம். அவர்கள் இந்த விவரத்தைக் குறித்துக்கொள்ளட்டும்.

பிரஸிடென்ஸி கலாசாலையில் இண்டர்மீடியட் முடித்ததும் அவருடைய மனம் ராமகிருஷ்ண மடத்தை நாடியது. சந்நியாசம் வாங்கிக்கொள்ளத் தாயார் அனுமதி தரவில்லை. மடத்துப் பெரியோரோ, நோயாளிகளுக்குத் தொண்டு செய்வதும் துறவுதான் என்ற கருத்தில் அவரை வைத்தியப் படிப்புக்குத் திருப்பி விட்டனர். சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். செலவுக்கு நண்பர்களும், பின்பு மாமனாராக வாய்த்த கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தியும் உதவினார்கள். 1919-ல் சேஷகிரி என்னும் பெண்ணை மணந்தார்.

அது காந்தியடிகள் அந்நியத் துணியை விலக்கும்படி தேசத்தைக் கேட்டுக்கொண்ட காலம். சுப்பாராவ் ரண சிகிச்சை அறைக்கும் கதர் அங்கியையே அணிந்து சென்றார். ரண சிகிச்சைப் பேராசிரியரான ஆங்கிலேயருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளை நன்றாகவே எழுதிய மாணவருக்கு 1921-ல் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்கு ஒரு படி தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. துணியின் நிறத்தையும் நெசவையும் பார்த்துக் கல்வியை அளந்த அந்தத் தராசைப் பற்றி நாம் அதிகம் பேச வேண்டியதில்லை. அரசாங்க வைத்திய சேவையில் சேர முயன்றார், அதுவும் பலிக்கவில்லை. டாக்டர் ஆசண்ட லக்ஷ்மிபதி நடத்தி வந்த ஆயுர்வேதக் கலாசாலையில் உடற்கூறு கற்பிக்கும் வேலை கிடைத்தது. பட்டம் பெற்றவர் வேலை தேடி அலைந்த கதை புதிதன்று. ஆனால் அவர் வீட்டில் அப்பொழுது நடந்தது வேறு.

அவருடைய சகோதரர்கள் புருஷோத்தமும் கிருஷ்ணமூர்த்தியும் சில தினங்கள் இடைவெளியில் அடுத்தடுத்து மாண்டார்கள். இருவரையும் கொண்டு போனது ஸ்ப்ரூ என்று மேல்நாட்டார் அழைக்கும் நோய். நம் நாட்டு வைத்தியர்கள் கிராணி, சங்கிரகணி என்று சொல்லும் தொகுதியில் இது அடங்கும். அதன் போக்கை அறியாதவர்கள் அதைச் சாதாரணப் பேதி என்று எண்ணி ஏமாந்து விடுவார்கள். முதலில் கழிச்சல், பிறகு நுரையும் கொழுப்புமாக மிகுதியான மலம், நாக்கு சிவந்து வெந்து போகும், உண்ணும் உணவில் சாரம் ஏதும் உடம்பில் ஒட்டாது. சிறுகுடலின் உட்சுவரில் விரல் நுனிகளைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய உறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகி விடுகின்றன. வயல் உண்டு, நீர் உண்டு, பயிருக்கு வேர் இல்லை என்ற நிலை. வாரங்கள் மாதங்களாக, இரத்தம் வற்றி, தேகம் எலும்பாகி, நிறைந்த இலையின் முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதன் பட்டினியால் சாகிறான். வைத்தியம் படித்த தம்பி பக்கத்தில் இருந்தும் அந்நாளில் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. சுப்பாராவுக்கே அந்நோய் கண்டதென்றும், லக்ஷ்மிபதியின் ஆயுர்வேத மருந்துகளால் பிழைத்தாரென்றும் அவர் சரித்திரத்தை எழுதியோர் கூறுகின்றனர்.

மேல்நாட்டுக்குப் போய் ஆராய்ச்சி கற்க வேண்டும் என்ற ஆசை அப்பொழுது உறுதிப்பட்டது. காக்கிநாடாவிலிருந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்ம ஸ்தாபனமும் மாமனாரும் பொருளுதவி செய்ய முன்வந்தனர். மூன்று வருஷத்தில் திரும்பி விடுவதாக மனைவியிடம் சொல்லிக் கப்பலேறினார். 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இறங்கியபோது கையில் இருந்த காசு அற்பம். ஹார்வர்டு சர்வகலாசாலையின் உஷ்ணப் பிரதேச வைத்தியப் பள்ளியில் இடம் கிடைத்தது. வயிற்றுப்பாட்டுக்குப் பிரிகாம் ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்தார். நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவி வைப்பது அந்த வேலை. நம் நாட்டில் அந்த வேலையைச் செய்வோரைத் தீண்டாமல் ஒதுக்கி வைத்த சமூகங்களிலிருந்து சென்ற படிப்பாளி ஒருவர் அதைச் செய்தார் என்பதை நாம் போற்றுகிறோம். அதே ஆஸ்பத்திரியில், சில வருஷங்களுக்குள், அவருடைய பிற்கால வேலைக்கு வழி திறந்த காரியம் ஒன்று நிகழவிருந்தது. அதைப் பின்னர் கூறுவோம்.

ஹார்வர்டில் ஸைரஸ் ஃபிஸ்கி என்னும் ரசாயனப் பேராசிரியரிடம் சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறதென்று அளக்கும் முறை ஒன்றை இருவரும் 1925-ல் வெளியிட்டனர். ஃபிஸ்கி - சுப்பாராவ் முறை என்று வைத்திய மாணவர்கள் இன்றளவும் படிப்பது அதுவே. அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தசைகளை ஆராய்ந்தபோது, பாஸ்போகிரியேட்டின் என்ற பொருள் 1927-ல் அகப்பட்டது. 1929-ல் ஏ.டி.பி. என்று சுருக்கமாக வழங்கும் பொருள் அகப்பட்டது. நாம் கையைத் தூக்குவதும் இருதயம் துடிப்பதும் இந்தப் பொருளின் சக்தியால். ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அதே சமயத்தில் தனியே இதைக் கண்டுபிடித்தார். தம் கட்சிக்காரருக்கு உரியதற்கு மேல் ஒரு காசு கூடக் கேட்காதவனே நல்ல வக்கீல். ஆகவே லோமனின் பங்கை நாம் மறைக்கவில்லை. சுப்பாராவைப் பற்றித் தமிழிலும் தெலுங்கிலும் எழுதுவோர் சிலர் உலகத்து மருந்துகளை எல்லாம் அவர் ஒருவரே கண்டுபிடித்தது போல் எழுதுகிறார்கள். அது அவருக்குச் செய்யும் மரியாதையன்று. அவர் உயிரோடு இருந்தால் அதை முதலில் மறுப்பவர் அவராகவே இருப்பார்; பத்திரிகைக்காரர்களைக் கண்டால் விலகிப் போன மனிதர் அவர்.

1930-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் நிலையான பேராசிரியர் பதவி ஹார்வர்டு தரவில்லை. சென்னையில் பட்டத்தைக் குறைத்தார்கள். பாஸ்டனில் பதவியைக் கொடுக்கவில்லை. வெள்ளையர் ஆட்சியை நாம் கண்டிக்கும் அதே மூச்சில் சுதந்திர நாடென்று பெயர் பெற்ற அமெரிக்காவையும் கண்டிக்க நேர்கிறது. அவர் செய்த வேலையில் ஒரு பகுதியை வெளியிட ஃபிஸ்கி இடங்கொடுக்கவில்லை என்றும், அதனால் மற்றவர்கள் அதைப் பின்னர் மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும் ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் கூறியிருக்கிறார். அவர் அதே சாலையில் வேலை செய்தவர். 1988-ல் நோபல் பரிசு பெற்றவர். சாட்சி லேசானவர் அல்லர்.

இனி ஈரலின் கதைக்கு வருவோம். இரத்தம் நாளுக்கு நாள் கெட்டு மனிதனைக் கொல்லும் ஒரு வகைச் சோகை மேல்நாட்டில் உண்டு. அதற்கு மருந்தே இல்லாதிருந்தது. 1926-ல் பாஸ்டன் வைத்தியர்களான மைனட்டும் மர்பியும், தினந்தோறும் அரை ராத்தலளவு ஈரலை, பச்சையாகவோ அரைவேக்காடாகவோ, தின்னச் செய்தால் அந்நோயாளிகள் எழுந்து நடப்பதைக் காட்டினார்கள். மர்பி வேலை பார்த்தது பிரிகாம் ஆஸ்பத்திரி, சுப்பாராவ் பாத்திரம் கழுவிய அதே இடம். அவ்விருவருக்கும் விப்பிள் என்பவருக்கும் 1934-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஈரலில் இருக்கும் எந்தப் பொருள் இந்த அற்புதத்தைச் செய்கிறது? அதைப் பிரித்தெடுக்க எத்தனையோ பேர் முயன்றார்கள். சுப்பாராவும் 1930-களில் ஹார்வர்டில் இதில் இறங்கினார். மனிதனின் கல்லீரல் உணவின் சாரத்தைச் சேமித்து வைக்கும் பண்டகசாலை. ஆடு மாடுகளின் ஈரலும் அவ்வாறே. பண்டகசாலையில் ஆயிரம் சாமான்கள் இருக்கும். திருட்டுப்போன ஒரு சாமானைத் தேடுவது போன்றது அந்த வேலை.

இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. அதுவும் நம் நாட்டில் நடந்தது. லூஸி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மாது 1928-ல் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைகளில் வேலை செய்யும் ஏழைக் கர்ப்பிணிகளைப் பீடித்த சோகையை ஆராய்ந்தார். இரத்த அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து உருவில் பெருத்துப் போகும் சோகை அது. குன்னூரிலும் அவர் ஆராய்ச்சி நடந்தது. மேல்நாட்டு ஏழைகள் ரொட்டியில் தடவும் மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் குழம்பைக் கொடுத்தவுடன் அப்பெண்கள் தேறினார்கள். ஆகவே ஈஸ்ட்டில் ஏதோ இருக்கிறது. ஈரலிலும் ஏதோ இருக்கிறது. 1941-ல் டெக்ஸாஸில் சிலர் நான்கு டன் பசலைக்கீரை வகையைப் பிழிந்து கீரையிலும் ஏதோ இருப்பதைக் கண்டு, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். பம்பாய் ஆலைத் தொழிலாளப் பெண்களிடம் தொடங்கிய ஆராய்ச்சியின் பயன் இன்று ஆம்பூர்ச் செருப்புத் தொழிற்சாலைப் பெண்ணின் கைக்கு வந்திருக்கிறது. அவள் அதைச் சாக்கடையில் எறிகிறாள்.

1940-ல் சுப்பாராவ் ஹார்வர்டை விட்டு நியூயார்க் அருகிலுள்ள பெர்ல் ரிவர் என்னும் ஊரில், லெடர்லி மருந்து ஸ்தாபனத்தின் ஆராய்ச்சிப் பொறுப்பை ஏற்றார். சர்வகலாசாலை தராத மேஜையை வியாபாரி தந்தான். அங்கே அவர் சேர்த்த கூட்டத்தில் ஸ்டோக்ஸ்டட் 1943-ல் ஈரலிலிருந்து அந்தப் பொருளை ஸ்படிகமாகப் பிரித்தார். ஆங்கியரும் துணைவர்களும் 1945-ல் அதைச் செயற்கையாகவே தயாரித்துக் காட்டினார்கள். மஞ்சள் நிறமுள்ள தூள். டன் கணக்கில் ஈரலும் கீரையும் வேண்டியிருந்த மருந்து அன்று முதல் தொழிற்சாலையில் வேண்டுமட்டும் செய்யக்கூடியதாயிற்று. வெகு விரைவில் கியூபா, போர்ட்டோ ரிக்கோ முதலிய தீவுகளின் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். வெந்த நாக்கு ஆறியது, பசி எடுத்தது, இரத்தம் ஊறியது. தமையனும் தம்பியும் மாண்ட நோய்க்கு, சுமார் 25 வருஷங்கள் கழித்து, அவருடைய சாலையிலிருந்தே மருந்து வந்தது.

அவர் தேடியது இதுவன்று என்பதையும் சொல்ல வேண்டும். மைனட்டும் மர்பியும் ஈரலால் குணப்படுத்திய சோகைக்கு உரிய பொருளையே அவர் வேட்டையாடினார். ஃபோலிக் அமிலம் அந்நோயாளிகளின் இரத்தத்தைத் தேற்றிற்று. நரம்புகள் கெடுவதைத் தடுக்கவில்லை. உண்மையான பொருள் பி 12 என்னும் வைட்டமின். அதை 1948-ல் அமெரிக்காவில் மெர்க் ஸ்தாபனத்தாரும் இங்கிலாந்தில் லெஸ்டர் ஸ்மித்தும் எடுத்தார்கள். அந்தப் பந்தயத்தில் சுப்பாராவ் தோற்றார். தோற்ற பந்தயத்தின் வழியில் கிடைத்த பொருளோ, உலகில் எத்தனை கோடித் தாய்மாருக்கு உணவாயிற்று!

பெர்ல் ரிவரில் அவர் கழித்த எட்டு வருஷங்களின் மற்ற பலன்களைச் சுருங்கச் சொல்கிறோம். ஃபோலிக் அமிலத்தைப் போலத் தோற்றமளித்து அதன் வேலையைக் கெடுக்கும் பொருள்களையும் அவருடைய குழு தயாரித்தது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினைப் பாஸ்டனில் ஸிட்னி பார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 பேரில் 10 பேர் தற்காலிகமாகத் தேறினர் என்று 1948-ல் வெளியிட்டார். புற்றுநோய்க்கு மருந்து என்ற எண்ணமே அதற்கு முன் பலருக்கு நகைப்பாயிருந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த மெதோட்ரெக்ஸேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டு வாதத்துக்கும் வழங்கப்படுகிறது. யானைக்கால் நோய்க் கிருமியை அழிக்கும் ஹெட்ரஸான் 1947-ல் வந்தது. சர்க்கார் ஊழியர்கள் வீடு வீடாக வந்து கொடுத்த டி.இ.சி. மாத்திரை அதுவே. 70 வயதைக் கடந்து, சர்வகலாசாலை ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்ட தாவர சாஸ்திரி டக்கரை அழைத்து மண்ணைச் சோதிக்கும் வேலை தந்தார்கள். மிஸூரி நாட்டு மண்ணிலிருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து அவர் ஆரியோமைஸினை எடுத்தார். டெட்ராஸைக்ளின் வகை மருந்துகளில் அதுவே முதலாவது. கிழவர் என்று ஒதுக்காமல் டக்கருக்கு இடங்கொடுத்தவர், தாம் இரண்டு இடங்களில் ஒதுக்கப்பட்டவர் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

1948 ஆகஸ்ட் மாதத்தில், 53 வயதில், தூக்கத்திலேயே சுப்பாராவின் உயிர் பிரிந்தது. இந்தியா சுதந்திரம் பெற்று ஒரு வருஷம் நிறையும் சமயம். மூன்று வருஷத்தில் திரும்புவதாகச் சொன்னவர் திரும்பவே இல்லை. அவர் போன பிறகு பிறந்த ஆண் குழந்தையை அவர் கண்ணால் கண்டதில்லை. அது சிசுவாகவே இறந்து போயிற்று. சேஷகிரி அம்மாள் காத்திருந்தார். அவரைப் பற்றி நாம் என்ன எழுத முடியும்? ஆராய்ச்சியின் பெருமையைக் காட்டி அந்த அம்மாளின் கணக்கை நேர் செய்து விடலாம் என்று நமக்குத் தோன்றவில்லை. மருந்துகளின் பெயர்களோடு அவர் பெயரையும் சேர்த்து எழுதுவதே நம்மால் ஆனது. அரசாங்கம் 1995-ல் சுப்பாராவின் நூற்றாண்டுக்குத் தபால்தலை வெளியிட்டது.

இனி வேலூர். ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த அமெரிக்க மாது ஐடா ஸ்கடர், பெண்களுக்காக 1918-ல் வேலூரில் ஒரு வைத்தியப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியாக வளர்ந்தது. அந்த அம்மையார் 1960-ல் காலமானார். ஏறக்குறைய அதே காலத்தில் வட ஆற்காடு ஜில்லாக் கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளை நோயைப் போலப் பரவத் தொடங்கியது. இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஜில்லாக்கள் சேர்ந்ததே அன்றைய வட ஆற்காடு. கல்லூரியிலிருந்த வெல்கம் ஆராய்ச்சிப் பிரிவின் டாக்டர் ஸெல்வின் பேக்கரும் டாக்டர் வி. ஐ. மாத்தனும் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே காத்திருக்கவில்லை. கிராமங்களுக்கே போய், எந்த வீட்டில் யாருக்கு எப்பொழுது கழிச்சல் தொடங்கியது என்று கணக்கெடுத்தார்கள். நோய் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் சென்றது. குழந்தைகளை விட வயது வந்தோரையே அதிகம் பற்றியது. ஏதோ ஒரு தொற்றே இதைத் தொடங்கி வைக்கிறது என்று முடிவு செய்ய இது இடந்தந்தது. ஆனால் அந்தத் தொற்றுக் கிருமி இன்னதென்று இன்றுவரை கையும் களவுமாகப் பிடிபடவில்லை.

சிறு குளிகை போன்ற ஒரு கருவியை நூல் போன்ற குழாயோடு விழுங்கச் செய்து, சிறுகுடலின் உட்சுவரிலிருந்து கடுகளவு சதையை எடுத்துப் பார்த்தார்கள். அதில் ஒரு பெரிய உண்மை வெளிப்பட்டது. நோய் கண்டவர்களின் குடல் மட்டுமல்ல, நல்ல சுகத்தோடு வயலிலும் பட்டறையிலும் வேலை செய்பவர்களின் குடலுங்கூட, குளிர் நாட்டாரின் குடலைப் போல் இல்லை. உறிஞ்சிகள் குட்டையாகவும் தடித்தும் இருந்தன. அதாவது, நம் ஏழைகள் தின்னும் கவளத்தில் ஒரு பங்கு, நோயில்லாத நாளிலும், வீணாகிறது. அசுத்தமான நீரும் திறந்த வெளி மலமும் குடலைத் தினமும் அரிக்கின்றன என்ற கருத்துக்கு இது வலுவூட்டியது. அரை வயிற்றுக் கஞ்சியைக் குடித்துவிட்டு, அதிலும் அரைப் பங்கே உடம்பில் ஒட்டும் நிலையை எந்தத் தேசாபிமானி பொறுப்பான்?

சிகிச்சையில் முன் நின்றவை ஃபோலிக் அமிலமும் பி 12-ம். அவற்றோடு உப்பும் நீரும். டெட்ராஸைக்ளினையும் கொடுத்தார்கள், போர்ட்டோ ரிக்கோவில் அது தந்த பலனைத் தென்னிந்திய நோயாளிகள் எல்லாரிடமும் காண முடியவில்லை. இவற்றில் ஃபோலிக் அமிலமும், டெட்ராஸைக்ளின் வகையின் முதல் மருந்தும் சுப்பாராவின் சாலையில் பிறந்தவை. அவர் வேலூரில் வேலை செய்தவரல்லர். ஆனால் அவருடைய சாலையில் பிறந்த மஞ்சள் தூள் வேலூர்க் கிராமத்து நோயாளியின் வாய்க்கு வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் அந்நோய் இப்பகுதியில் வெகுவாகக் குறைந்து விட்டது.

நமது ஆம்பூர் நண்பர் இன்னொன்றும் கேட்டார். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுதான் இந்த வயிற்று நோய்களுக்கெல்லாம் காரணமா என்று. தோல் தொழிலே இல்லாத தீவுகளிலும் பர்மாவின் போர்முனையிலும் கிராணி மனிதரைக் கொன்றிருக்கிறது. ஆகவே கிராணிக்குத் தோலைக் குற்றவாளியாக்குவது வழக்காகாது. ஆவாரம்பட்டையை விட்டுக் குரோம் உப்புக்கு மாறிய பிறகு பாலாற்றுக்கும் கிணறுகளுக்கும் நேர்ந்த கேடு தனி வழக்கு. அது வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் பேரால் சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பாயிற்று. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழாயிற்று என்று அத்தீர்ப்பு பதிவு செய்கிறது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். அந்த வழக்கை அதன் சாட்சியங்களைக் கொண்டு நடத்துவோம். இந்த வழக்கை இதன் சாட்சியங்களைக் கொண்டு நடத்துவோம். இரண்டையும் கலப்பது ஆலை முதலாளிகளுக்கே நன்மை.

மாத்திரைக்கு வருவோம். கர்ப்பத்தின் முதல் நான்கு வாரங்களில் சிசுவின் முதுகுத்தண்டுக் குழாய் மூடிக்கொள்ள வேண்டும். அது மூடாமற்போவதைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்கிச் சாப்பிடும் ஃபோலிக் அமிலம் பெருமளவு தடுக்கும் என்பதை 1991-ல் வெளியான பிரிட்டிஷ் பரிசோதனை நிலைநாட்டியது. முன்னர் அத்தகைய குழந்தை பெற்ற தாய்மாரிடையே மீண்டும் அவ்வாறு நேர்வது 72 சதவீதம் குறைந்தது. நான்கு மாதம் ஆகிவிட்ட பெண்ணுக்கு அந்தப் பயன் கடந்து போயிற்று. ஆனால் இரத்தம் ஊற அவளுக்கு அது இன்னும் தேவை. வயிற்றிலிருக்கும் குழந்தை தன் பங்கைத் தாயின் இரத்தத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மலம் கறுப்பது இரும்பினால், அதில் அபாயமில்லை. குமட்டலும் இரும்பினாலேயே பெரும்பாலும் வருகிறது. இரவு சாப்பிட்ட பின் படுக்கப் போகும்போது விழுங்கினால் பலருக்குக் குமட்டல் குறைகிறது. தேநீரோடு விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. அப்படியும் தாங்கவில்லையென்றால் எறியாமல் நர்ஸம்மாவிடமோ டாக்டரிடமோ சொல்லி மாற்று வழி கேட்க வேண்டும்.

இவ்வளவையும் அன்று அவரிடம் சொல்ல நேரமில்லை, ரயிலுக்கு நேரமாயிற்று. கதர் அணிந்ததற்காகப் பட்டம் இழந்த ஒருவருடைய சாலையில் செய்த மருந்து இது என்று மட்டும் சொன்னோம். அவர் அட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.